நீண்ட ஆயுளுக்கு யார் செலவு?

2019 ஜூலையில் உலக வங்கி இலங்கையை ‘உயர் நடுத்தர வருமான நாடு’ என்று ஏற்றிவைத்தது. மறு ஜூலையில் ‘கீழ் நடுத்தர’ வரிசைக்கே இறக்கிவிட்டது. இடையில் நடந்தது இவ்வளவுதான்: கணக்குக்கு எடுத்துக்கொண்ட தலா ஆண்டு வருமானம் 4,060 டாலரிலிருந்து 4,020 ஆனது, எல்லைக்கோடு 3,995 டாலரிலிருந்து 4,045 ஆனது. வருமானம் நாற்பது டாலர் சரிந்தது, கோடு ஐம்பது டாலர் உயர்ந்தது. ஹட்டனில் கொழுந்து பறித்தவருக்கும் பருத்தித்துறையில் வலை இழுத்தவருக்கும் தாங்கள் ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது.

நாடுகளை வளர்ந்தவை, வளர்பவை என்று இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேர்விட்டது. 1949-இல் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் பதவியேற்பு உரையில், பின்தங்கிய பகுதிகளுக்கு உதவுவதைத் தன் அரசின் கொள்கை என்று அறிவித்தார். அதோடு அந்தப் பாகுபாடு உலக அரசியலின் பேச்சுமொழியாகிவிட்டது. உலக வங்கியோ 2016-இல் தன் புள்ளிவிவரத் தொகுப்பிலிருந்து ‘வளரும் நாடுகள்’ என்ற தலைப்பையே எடுத்துவிட்டது. மலாவியையும் மலேசியாவையும் ஒரே தலைப்பின்கீழ் எழுதி யாருக்கு என்ன பயன்? உலக வர்த்தக அமைப்பில் வேறு கதை. வளரும் நாடா இல்லையா என்பதை அந்தந்த நாடே சொல்லிக்கொள்ளலாம். சலுகை கிடைக்கும் இடத்தில் “நாங்கள் வளர்ந்துவிட்டோம்” என்று யார் கைதூக்குவார்கள்? தென் கொரியா 2019-இல்தான் இனி அந்தச் சலுகையைக் கேட்க மாட்டோம் என்றது.

பெயர் ஆட்டம் காண்பதால் வேறுபாடே இல்லை என்று ஆகிவிடாது. வேறுபாடு பெரிது. அது எங்கே இருக்கிறது என்பதில்தான் நாம் அடிக்கடி தவறான இடத்தைப் பார்க்கிறோம். மெட்ரோ ரயிலையும் உயரமான கட்டடங்களையும் பார்த்துவிட்டு நாம் வளர்ந்த நாடுகளை நெருங்கிவிட்டதாக மகிழ்கிறோம். இல்லாவிட்டால் சராசரி ஆயுளையும் எழுத்தறிவையும் எடுத்துக்காட்டி, பணம் இல்லாமலே அவர்களை எட்டிவிட்டோம் என்கிறோம். இரண்டையும்விட எளிய கேள்வி ஒன்று இருக்கிறது. வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால், வேலை போனால், முதுமையில் படுத்துவிட்டால், அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது? பொதுப்பணத்திலா, அந்தக் குடும்பத்தின் மீதா? இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதற்கு இலங்கையைப்போல் பொருத்தமான நாடு வேறு இல்லை.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கா 2023-இல் மருத்துவத்துக்காகச் செலவழித்தது தலைக்கு 14,570 டாலர். இலங்கையில் அரசும் தனியாரும் சேர்ந்து செலவழிப்பது தலைக்கு நூற்றைம்பது டாலர் அளவில்தான். ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. ஆனால், கொரோனா காலத்தில், 2021-இல் அமெரிக்கரின் சராசரி ஆயுள் 76.4 ஆண்டாகச் சரிந்தபோது, இலங்கையரின் ஆயுளும் அதே அளவில்தான் இருந்தது. அமெரிக்கா பிறகு மீண்டு 2023-இல் 78.4-ஐத் தொட்டது என்பது உண்மை. ஆனாலும் நூறு மடங்கு செலவு செய்யும் நாட்டுக்கும் செய்யாத நாட்டுக்கும் இடையே ஓரிரண்டு ஆண்டு ஆயுள்தான் வித்தியாசம் என்றால், பணம் எங்கே போகிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

வாக்கும் மருத்துவமாதுவும்

இந்த ஆயுள் இலங்கைக்கு வானத்திலிருந்து விழவில்லை. 1931-இல், டொனமூர் அரசியல் யாப்பின்படி, ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. ஆசியாவில் அதுவே முதல். அடுத்த மூன்றாண்டில், 1934-35-இல், மலேரியா கொள்ளைநோயாகப் பரவி எண்பதாயிரம் பேர் வரை மாண்டார்கள். கேகாலைப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் மருந்தும் உணவும் கொடுத்த இடதுசாரி இளைஞர்களில் என்.எம். பெரேராவும் இருந்தார். 1936-இல் அவர் ருவன்வெல்லையிலும் அவருடைய தோழர் பிலிப் குணவர்தன அவிசாவளையிலும் நின்று அரசுப் பேரவைக்குப் போனார்கள். நோயாளியும் ஒரு வாக்காளர் என்பதைக் கொழும்பின் கனவான்கள் அந்தத் தேர்தலில் புரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி கேட்காத தொகுதி இல்லை, கொடுப்பதாகச் சொல்லாத வேட்பாளர் இல்லை. 1945-இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அரசு மருத்துவமனைகளில் கட்டணமும் போயிற்று.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1926-இல், களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியிருந்தது. அதன் ஆதாரம் மருத்துவமாது. தமிழ்ப் பகுதிகளில் இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்கிறார்கள். சில ஆயிரம் பேர் கொண்ட ஒரு பகுதிக்கு ஒருவர். கருவுற்றவள் யார், யாருக்கு இரத்தச்சோகை, எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை, எந்த வீட்டில் தடுப்பூசி பாக்கி என்பது அவருடைய பதிவேட்டில் இருக்கும். மழையில் குடையோடும் பிறகு ஸ்கூட்டியிலும் வந்துபோகும் இந்தப் பெண்தான் இலங்கையின் நலவாழ்வுத் துறை. பெரிய மருத்துவர்களின் பெயர்கள் கட்டடங்களில் இருக்கின்றன. இவர் பெயர் எங்கும் இல்லை.

1930-களில் லட்சம் பிரசவங்களுக்கு 2,000-க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1950-இல் அது 600-க்குக் கீழே வந்தது. பிறகும் ஆறு முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதிப் பாதியாகக் குறைந்துகொண்டே வந்து, இப்போது 30-ஐ ஒட்டி நிற்கிறது. ஒவ்வொரு தாய் மரணமும் தனித்தனியே விசாரிக்கப்படுகிறது. எங்கே தாமதம், எந்த வண்டி வரவில்லை, யார் பார்க்கத் தவறினார்கள் என்று உட்கார்ந்து பேசுகிறார்கள். அமெரிக்காவில் 2021-இல் இதே விகிதம் 32.9. அந்த ஆண்டு கொரோனாவின் ஆண்டு. அங்கே கணக்கெடுக்கும் முறை பற்றிய சர்ச்சையும் உண்டு. 2023-இல் 18.6-க்கு இறங்கியது. அதிலும் கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் பிரித்துப் பார்த்தால் 50.3. உலகின் மிகப் பெரிய பொருளாதாரத்தில் கறுப்பினத் தாய் ஒருத்தி பிரசவத்தில் இறக்கும் வாய்ப்பு, இலங்கைத் தாயைவிட அதிகம்.

மலேரியாவின் கதையும் இதைப் போன்றதே. 1946-இல் டி.டி.டி. தெளிப்பு தொடங்கியது. ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு விகிதம் மறு ஆண்டே 14 ஆனது. இதில் டி.டி.டி.யின் பங்கு எவ்வளவு, உணவுப் பங்கீட்டின் பங்கு எவ்வளவு, சிற்றூர்வரை விரிந்த மருத்துவமனைகளின் பங்கு எவ்வளவு என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டினார்கள். 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. ஆயுளும் அப்படித்தான் துள்ளியது: 1946-இல் 43-ஐ ஒட்டி இருந்தது, ஏழெட்டு ஆண்டுகளில் 55-ஐக் கடந்தது. இங்கிலாந்து இதே தூரத்தைக் கடக்க அரை நூற்றாண்டு போல ஆயிற்று.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், அதிகம் பேசப்படாதது. 1995-இல் இலங்கையின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. வறுமை, போர், குடி, காதல் தோல்வி என்று காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பூச்சிமருந்துப் பதிவாளர் அலுவலகம் ஒரு காரியம் செய்தது. வீட்டு மூலையில் இருந்த, ஒரு வாய் குடித்தாலே உயிரைப் பறிக்கும் மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 1995-இல் மிகக் கொடியவை, 1998-இல் எண்டோசல்ஃபான், 2008-லிருந்து பாராகுவாட் முதலியன. இருபதாண்டில் தற்கொலைகள் ஏறத்தாழ எழுபது சதவீதம் குறைந்தன. இதனால் பிழைத்தவர்கள் சுமார் 93,000 பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. விளைச்சல் குறையவில்லை. ஒரு அரசாணையின் காகிதச் செலவுதான்.

1985-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை, குறைந்த செலவில் நல்ல உடல்நலம் பெற்ற இடங்கள் என்று நான்கைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது: சீனா, கோஸ்டாரிகா, கேரளம், இலங்கை. அதன்பின் வளரும் நாடுகளின் கருத்தரங்குகளில் இந்த நான்கும் வாய்பாடுபோல் ஒப்பிக்கப்பட்டன. பாராட்டு நியாயமானது. எனக்குள்ள சங்கடம், அந்தப் பாராட்டு ஒரு பாதியை மட்டும் பார்த்தது என்பது.

அதற்குள் போவதற்கு முன், இதே இலங்கையில் இந்த ஆயுள் போய்ச்சேராத ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும். மலையகத் தேயிலைத் தோட்டங்கள். தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டை, திருச்சிப் பகுதிகளிலிருந்தும் போனவர்களின் சந்ததியினர் வாழும், லயங்கள் எனும் வரிசை வீடுகள். 1948-இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது, 1949-இல் வாக்கும் பறிபோனது. நோயாளி வாக்காளர் என்பதால் நாடெங்கும் ஆஸ்பத்திரி வந்தது என்றேன் அல்லவா? தோட்டத்தில் நோயாளி வாக்காளர் இல்லை. எனவே மருத்துவமாது லயத்து வாசலுக்கு வரவில்லை. தோட்ட நிர்வாகம் வைத்த உதவியாளரும் அவரிடம் இருந்த கலவை மருந்தும்தான். 1970-களில் தோட்டங்களில் சிசு மரணம் நாட்டின் சராசரியைப்போல் இருமடங்கு இருந்தது. தோட்டங்கள் தேசியமயமாகி, குடியுரிமையும் வாக்கும் தவணை தவணையாகத் திரும்பிவந்த பிறகே அந்த இடைவெளி சுருங்கத் தொடங்கியது. 2016 கணக்கெடுப்பிலும் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 என்றால், தோட்டங்களில் 32. ஏற்றுமதித் தேயிலையின் பெயரால் நாடு அறியப்பட்டது. அதைப் பறித்தவரின் பிள்ளை குட்டையாக வளர்ந்தது. இலங்கையின் சாதனையைப் போற்றும் அறிக்கைகளில் இந்தப் பத்தி பெரும்பாலும் அடிக்குறிப்பில் இருக்கும்.

செலவுமிக்க இரண்டாம் பாதி

1960-இல் இலங்கையரின் சராசரி வருமானமும் தென் கொரியரின் சராசரி வருமானமும் ஏறத்தாழ ஒன்று: இருவருக்கும் ஆண்டுக்கு நூற்றைம்பது டாலர் அக்கம்பக்கம். ஆயுளில் இலங்கையர் சில ஆண்டுகள் முந்தி இருந்தார். இன்று கொரியரின் வருமானம் முப்பதாயிரம் டாலருக்கு மேல், ஆயுள் 83-க்கு மேல். இடையில் என்ன நடந்தது என்பதைப் பற்றி நூலகம் நூலகமாகப் புத்தகங்கள் இருக்கின்றன. கொரியாவின் நிலச் சீர்திருத்தம், ஏற்றுமதி, ராணுவ ஆட்சியின் கொடுமை, அமெரிக்க உதவி. இந்தப் பக்கம் இருபத்தாறு ஆண்டுப் போர், அதன் படைச்செலவு, அது விரட்டியடித்த படித்தவர்கள். அதையெல்லாம் இங்கே அளக்க முடியாது. என் கேள்விக்குப் பொருத்தமானது ஒன்றே. கொரியா பணம் சேர்ந்தபோது பொதுப்பையையும் தைத்துக்கொண்டது. 1977-இல் பெரிய நிறுவனங்களின் தொழிலாளர்களுக்குக் கட்டாய மருத்துவக் காப்பீடு தொடங்கி, 1989-இல் நாட்டு மக்கள் அனைவரையும் அதற்குள் கொண்டுவந்தது. 2008-இல் படுக்கையில் விழுந்த முதியோரைப் பராமரிக்கத் தனிக் காப்பீடும் வந்தது. அதிலும் ஓட்டை இருக்கிறது: பணக்கார நாடுகளில் முதியோர் வறுமையும் தற்கொலையும் மிகுந்த நாடு கொரியாதான். ஓய்வூதியத்தைத் தாமதமாகத் தொடங்கியதன் விலை அது.

நோய்களுக்கும் இரண்டு பாதி உண்டு என்பதே நான் சொல்ல வருவது. முதல் பாதி மலேரியா, வயிற்றுப்போக்கு, அம்மை, பிரசவ மரணம். இவற்றைத் துரத்தச் செலவு குறைவு: பெண் எழுத்தறிவு, தடுப்பூசி, கொதிக்கவைத்த தண்ணீர், கதவைத் தட்டும் மருத்துவமாது. ஏழை நாடும் மனம்வைத்தால் முடியும், இலங்கை முடித்தது. அப்படிப் பிழைத்த குழந்தைக்கு அறுபது வயது ஆகும்போது இரண்டாம் பாதி தொடங்குகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், மறதிநோய். இவை தடுப்பூசிக்குக் கட்டுப்படாதவை. மாதாமாதம், ஆண்டாண்டாக மாத்திரை, ஸ்டென்ட், வாரத்துக்கு இரண்டுமூன்று டயாலிசிஸ், படுத்தவரைப் புரட்டிவிட ஓர் ஆள்.

அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் நெல் விவசாயிகளைத் தொண்ணூறுகளிலிருந்து தின்றுகொண்டிருக்கும் சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையும் அழுத்தமும் இல்லாதவர்களுக்கும் வருகிறது. தண்ணீரா, வேளாண் இரசாயனமா, வெயிலில் உடல் வற்றுவதா என்று காரணம் இன்னும் முடிவாகவில்லை. அதுவரை ஒவ்வொரு நோயாளிக்கும் டயாலிசிஸ் கட்டில் வேண்டும். மருத்துவமாதுவின் பதிவேட்டால் இதை நிறுத்த முடியாது.

மூப்பு வரும் வேகம்தான் இன்னும் கவலை தருவது. 65 வயதைக் கடந்தோர் மக்கள்தொகையில் 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக பிரான்சுக்கு 115 ஆண்டு பிடித்தது. ஸ்வீடனுக்கு 85. அந்த இடைவெளியில் அவர்கள் தொழிற்சங்கம் கண்டார்கள், ஓய்வூதியம் கண்டார்கள், வருமான வரி கட்டிப் பழகினார்கள். ஜப்பானுக்கு 26 ஆண்டுதான் கிடைத்தது, ஆனால் அப்போது அது பணக்கார நாடாகிக்கொண்டிருந்தது. இலங்கைக்கு மக்கள்தொகை வல்லுநர்கள் கணித்தது 2004-லிருந்து 2027 வரை, 23 ஆண்டு. வளர்ந்த நாடுகள் சம்பாதித்த பிறகு கிழவர்களானார்கள். இவர்கள் சம்பாதிப்பதற்குள் கிழவர்களாகிவிட்டார்கள்.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் டாக்டரை “சனல் பண்ணுவது” என்றால் மாலையில் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டி நிபுணரைப் பார்ப்பது. காலையில் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கும் அதே நிபுணர்தான். 1977-க்குப் பிறகு அரசு மருத்துவர்களுக்கு இந்த அனுமதி. வரிசை நீளமானால், ஸ்கேன் தேதி மாதங்கள் தள்ளிப்போனால், மனிதர் என்ன செய்வார்? சனல் பண்ணுவார். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு இப்படி மக்கள் கைப்பணம். இலவச மருத்துவத்தின் தாயகத்தில் இதுதான் இன்றைய நிலை. யாரும் திட்டமிட்டுத் தனியார்மயம் ஆக்கவில்லை. இரண்டாம் பாதிச் செலவுக்கு அரசிடம் பணமில்லை, அவ்வளவுதான்.

ஏன் பணமில்லை? 1990-இல் தேசிய வருமானத்தில் 19 சதவீதம் அளவுக்கு வரி வசூலித்த நாடு, 2021-இல் 8 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. வளர்ந்த நாடுகளின் சராசரி ஏறத்தாழ 34. டென்மார்க்கில் அதற்கும் மேலே. 2019 இறுதியில் பதவிக்கு வந்த கோத்தபய ராஜபக்ச அரசு வாட் வரியை ஒரே வீச்சில் 15 சதவீதத்திலிருந்து 8-ஆகக் குறைத்து, வருமான வரிக்கும் பெரிய விலக்கு கொடுத்தது. கைதட்டல் பலமாக இருந்தது. 1953-இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியதற்கு நாடு ஹர்த்தாலில் கொதித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக வேண்டியிருந்தது. கொடுப்பதை நிறுத்தினால் ஆட்சி போகும் என்று அன்று கற்ற அரசியல்வாதிகள், வசூலிக்காமல் இருந்தாலும் ஆட்சி போகும் என்பதைக் கற்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் அரசு வருவாயில் எழுபது சதவீதத்துக்கு மேல் கடன் வட்டிக்கே போனது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பித்தர முடியாது என்று அறிவித்தது. செப்டம்பரில் விலைவாசி உயர்வு எழுபது சதவீதத்தைத் தொட்டது.

மருந்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. டாலர் இல்லையென்றால் மருந்தில்லை. 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் அறுவை சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டதாகச் செய்தி வந்து, இந்திய வெளியுறவு அமைச்சரே கவலை தெரிவித்தார். தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, உயிர்காக்கும் மருந்துகள் அனுப்ப முடிவெடுத்தது. தமிழர்களுக்கு மட்டும் என்றில்லாமல் அனைவருக்கும் என்று அது அனுப்பப்பட்டது நல்ல காரியம். ஆனால் எண்பது ஆண்டுகளாகத் தாய்மாரைச் சாகவிடாமல் காத்த ஓர் அமைப்பு, பக்கத்து மாநிலத்தின் கப்பலுக்குக் காத்திருக்கும் நிலைக்கு ஓரிரு ஆண்டில் வந்துவிட்டது.

அந்த நெருக்கடியில் நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் வெளியேறினார்கள். இலங்கையில் நிபுணராவதற்கு வெளிநாட்டுப் பயிற்சியும் உண்டு. பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, பெட்ரோலுக்கு இரண்டு நாள் வரிசையில் நின்றவர்கள் அவர்கள். கணக்கை மட்டும் பார்ப்போம். ஒரு கிராமத்துப் பிள்ளையை முதல் வகுப்பிலிருந்து எம்.பி.பி.எஸ். வரை ஒரு காசு வாங்காமல் இலங்கை படிக்கவைக்கிறது. முப்பது வயதில் அவரை பிரிட்டன் எடுத்துக்கொள்கிறது. பிரிட்டனில் புதிதாகப் பதிவுசெய்யும் மருத்துவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிநாடுகளில் படித்தவர்கள். 1948-இல் தொடங்கிய பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை, இந்திய, இலங்கை மருத்துவர்கள் இல்லாமல் இத்தனை ஆண்டு ஓடியிருக்குமா? பணக்கார நாடு ஏழை நாட்டுக்கு உதவுகிறது என்ற வழக்கமான வாக்கியத்தில் எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறிக்கிடக்கின்றன.

பணம் இருந்தும்

பணம்தான் எல்லாம் என்று நான் சொல்வதாகத் தோன்றினால், அமெரிக்காவைத் திரும்பப் பாருங்கள். தேசிய வருமானத்தில் 17 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்கே போகும் நாட்டில், 2023-இல் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோருக்குக் காப்பீடு கிடையாது. காப்பீடு பெரும்பாலும் வேலையோடு கட்டப்பட்டிருப்பதால், வேலை போனால் மருத்துவரும் போகிறார். மருத்துவக் கடன் என்ற ஒன்று அங்கே சாதாரணக் குடும்பப் பேச்சு. ஆலைகள் மூடிய ஊர்களில் நடுவயது வெள்ளையர்கள் குடியாலும் போதை மாத்திரையாலும் தற்கொலையாலும் சாவதைப் பொருளியலாளர்கள் ஆன் கேஸும் ஆங்கஸ் டீட்டனும் எடுத்துக்காட்டினார்கள். 2022-இல் போதைமருந்து மிகையால் இறந்தோர் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். அமெரிக்கா வளர்ந்த நாடு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் செலவை யார் தலையில் போடுவது என்ற கேள்விக்கு அது தரும் பதில், ஜெர்மனியின் பதிலைவிட நம்முடைய பதிலுக்கு நெருக்கமானது.

நம்மூரிலும் இலங்கையிலும் அந்தப் பதில் எப்போதும் குடும்பம்தான். குடும்பம் என்று பொதுவாகச் சொல்வதைவிடப் பெண்கள் என்று சொல்வது சரி. இலங்கைப் பெண் படித்தவள், ஓரிரு பிள்ளைகளோடு நிறுத்தியவள், ஆணைவிட நீண்டநாள் வாழ்பவள். எந்தப் புள்ளிவிவரத்திலும் வளர்ந்த நாட்டுப் பெண் போலத் தெரிவாள். ஆனால் வேலைக்குப் போவோர் மூன்றில் ஒருத்திதான். மற்றவர்கள் வீட்டில் கிழவர்களையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். நாட்டுக்கு டாலர் கொண்டுவந்தவர்களில் பலர் குவைத்திலும் சவுதியிலும் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்க்கப் போன பணிப்பெண்கள். 2020-இல் வெளிநாட்டுத் தொழிலாளர் அனுப்பிய தொகை 710 கோடி டாலர். தேயிலை ஏற்றுமதி அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. 2013-இல் அரசுக்குத் திடீரென்று தாய்மையின் மீது அக்கறை வந்தது: வீட்டுப் பணிக்கு வெளிநாடு போகும் பெண்ணுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் போக முடியாது என்றது. 2022-இல் டாலர் தீர்ந்ததும் அந்த அக்கறையும் தளர்ந்தது, விதியைத் தளர்த்திவிட்டார்கள்.

பாலவாக்கத்தில் மூடிய வாயிலுக்குப் பின்னால் முதியோர் இல்லம், மகன் டல்லாஸில், பார்த்துக்கொள்ள விழுப்புரத்திலிருந்து வந்த ஒரு பெண். இந்தக் காட்சியைத் தெரியாதவர் தமிழகத்தில் இருக்க முடியாது. நம் மாநிலமும் இலங்கை போன வழியில்தான் போகிறது. பிள்ளைப்பேறு குறைந்து வெகுநாளாகிவிட்டது. 2021-இல் தமிழக மக்களில் 60 வயதைக் கடந்தோர் 13.6 சதவீதம் என்றும் 2031-இல் 18.2 சதவீதம் என்றும் மத்திய அரசின் நிபுணர் குழு கணித்தது. ஆரம்ப சுகாதார நிலையம், செவிலியர், மருந்துக் கொள்முதல் கழகம் என்று முதல் பாதியை நாமும் நன்றாகவே செய்தோம். இந்திய அளவில் மருத்துவச் செலவில் மக்களின் கைப்பணம் 2013-14-இல் 64 சதவீதமாக இருந்தது 2021-22-இல் 39 சதவீதமாகக் குறைந்ததாகத் தேசிய மருத்துவக் கணக்கு சொல்கிறது. குறைந்தது நல்லதே. ஆனாலும் டயாலிசிஸுக்காக நிலத்தை விற்றவர்களுக்கு இந்த 39-உம் பெரிய எண்தான்.

தேர்தல் அறிக்கைகளில் எதைக் கொடுப்போம் என்ற பட்டியல் நீள்கிறது. யாரிடமிருந்து வசூலிப்போம் என்று ஒரு வரி இருக்காது. கொடுப்பதை இலவசம் என்று பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இலங்கையின் இலவச அரிசியும் இலவசப் பள்ளியும்தான் அந்தக் குழந்தைகளைப் பிழைக்கவைத்தன. என் சண்டை, மறுபக்கத்தைப் பேசாதவர்களோடு. ஜப்பானில் வாரிசு வரியின் உச்ச விகிதம் 55 சதவீதம், கொரியாவில் 50. இரண்டும் முதலாளித்துவ நாடுகள்தான். இந்தியாவில் அந்த வரி 1985-இல் எடுக்கப்பட்டது, செல்வ வரியும் 2015 பட்ஜெட்டோடு போயிற்று. இலங்கையில் 2023-இல் பன்னாட்டு நிதியத்தின் கடனோடு வந்த நிபந்தனைகளில் நாடு தழுவிய நிலச்சொத்து வரியும் வாரிசு வரியும் இருந்தன. அவை 2025-க்குள் வர வேண்டியவை, தள்ளிப்போயின. ஆடை வாங்கும் எவரும் கட்டும் வாட் வரி மட்டும் 2024 ஜனவரி முதல் தேதியே 18 சதவீதமாக வந்துவிட்டது.